வேறு கணினியின் பட்டியல்

இது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அச்யுத் சொன்னதில் கொஞ்சம், சகினா சொன்னதில் கொஞ்சம் என்று சேர்த்து வைத்திருக்கிறேன். இருவரும் நேரங்களை வேறு வேறாகத்தான் சொன்னார்கள். ஐப்பசியின் கடைசி வாரம் என்று நினைக்கிறேன். கார்த்திகை பிறந்துவிட்டதாகவும் இருக்கலாம். மத்தியானம் வரை நல்ல வெயில் அடித்தது என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

அடையாறில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் ஒரு சிறிய அறக்கட்டளை இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர். மயிலாப்பூர் அச்யுத் நிரல் எழுதுவான். திருவல்லிக்கேணி சகினா மனிதர்களிடம் பேசுவாள். கடலில் காற்று பலக்கப்போகிறது என்று வானிலைக் கணிப்பில் எண் ஏறினால், அச்யுத்தின் நிரல் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இருக்கும் நூற்றுப் பன்னிரண்டு கைபேசிகளைத் தானாகவே அழைக்கும். எடுத்தால் ஒரு பதிவுக் குரல் பேசும்.

முதலில் அது சகினாவின் குரலாக இருந்தது. சுத்தமான தமிழில் பேசியிருந்தாள். ஏதோ கம்பெனி விளம்பரம் என்று குப்பத்தில் பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு குப்பத்து ஜான்சனைப் பிடித்து உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். "காத்து வருது. படகு எறக்காதீங்க. எறக்கினவன் அப்பால என்னாண்ட பேச வராத." அவ்வளவுதான். எல்லோரும் கேட்டார்கள்.

"இன்னா நைனா, என் கொரல வெச்சு ஊரையே மெரட்றியே," என்று ஜான்சன் ஒருமுறை அச்யுத்திடம் குறைப்பட்டுக்கொண்டார். "என் பொஞ்சாதி போன எடுத்து, நான்தான்னு நெனச்சுக்கினு, பால் வாங்கியாரச் சொன்னா எங்கய்யா சுத்திக்கினு கீறன்னு அதாண்டயே சண்ட போட்டுக்கினு இருந்தா."

அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது: கையால் யாரையும் அழைப்பதில்லை. ஆரம்ப நாட்களில் சகினா ஒருமுறை பயந்துபோய்த் தானே நாற்பது பேரைக் கூப்பிட்டுவிட்டாள். அன்று இலைகூட அசையவில்லை. ஒரு நாள் கடல் பிழைப்பு போயிற்று என்று திட்டியவர்கள், அடுத்த இரண்டு வாரம் எந்த அழைப்பையும் மதிக்கவில்லை. அதனால் நிரல் அழைத்தால்தான் அழைப்பு என்று முடிவு செய்தார்கள். பதினோரு மாதமாக அது தவறவில்லை. குப்பமும் பழகிக்கொண்டது. போன் வந்தால் படகு இறங்காது, வராவிட்டால் இறங்கும்.

அன்று காலை பதினோரு மணிக்கு அச்யுத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவன் பயன்படுத்தும் பேக்கேஜ் ஒன்றில் ஓட்டை இருக்கிறது, புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளவும் என்று.

ஒரு நிரலை யாரும் முழுக்கத் தானே எழுதுவதில்லை. முகம் தெரியாத யாரோ எழுதிப் பொதுவில் வைத்த பேக்கேஜ்களை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறோம். அவை இன்னும் சிலவற்றைச் சார்ந்திருக்கும், அந்தச் சில வேறு பலவற்றை. அச்யுத் தன் கையால் சேர்த்தது பதினாறு. எது எதைச் சார்ந்திருக்கிறது என்று கருப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை போட்டுக் கேட்டால், எண்ணூற்று நாற்பத்தேழு வரிகள் கிளை கிளையாக ஓடும். எங்காவது பொருந்தாத பதிப்பு நுழைந்திருந்தால் அந்த வரி சிவப்பாக நிற்கும்.

அவன் புதிய பதிப்பைப் போட்டான். போட்ட கையோடு, எப்போதும் செய்வதுபோல், பட்டியலைக் கேட்டான். சுத்தமாக வந்தது. ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டான்.

ஒன்றே கால் இருக்கும். பக்கத்து அறையிலிருந்து சகினா கூப்பிட்டாள்.

"அச்யுத், இங்க வா. காத்து அம்பத்தெட்டு கிலோமீட்டர் காட்டுது. ஒரு மணிக்கே ஏறியிருக்கு. போன் போகலை."

"எத்தன போகலை?"

"ஒண்ணுமே போகலை."

அவன் கையைக்கூடக் கழுவாமல் போய்ப் பார்த்தான். அழைக்க வேண்டிய எண்கள் நூற்றுப் பன்னிரண்டு. அழைத்தவை பூஜ்யம். பிழை என்று எந்தச் செய்தியும் இல்லை. இருக்காது, அவனுக்குத் தெரியும். ஆரம்பத்தில் எப்போதோ ஒரு தப்பான எண்ணால் மொத்தமும் நின்றுபோனபோது, சிக்கல் வந்தால் பேசாமல் அடுத்த எண்ணுக்குப் போ என்று ஒரு வரி எழுதிவைத்தவன் அவன்தான்.

"நான் கையால பண்ணட்டுமா?" என்றாள் சகினா.

"வேண்டாம். ரெண்டு நிமிஷம். நீ பாதிப் பேரக் கூப்பிட்டு, அப்புறம் இது எல்லாரையும் மறுபடி கூப்பிட்டா பழைய கததான். காலைல மாத்தினதுலதான் ஏதோ இருக்கு. இதோ கிடைச்சுடும்."

அவன் பொய் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் இரண்டு நிமிடம் என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போது நம்பவும் செய்வார்கள்.

பட்டியலை மீண்டும் ஓடவிட்டான். சுத்தம். அழைப்பு விடும் பேக்கேஜை மட்டும் கேட்டான். அது சார்ந்திருந்த ஏழும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. தொலைபேசி எண் சரியா என்று பார்க்கும் பேக்கேஜைக் கேட்டான். ஒரே பதிப்பு, சரியான பதிப்பு. எண்ணூற்று நாற்பத்தேழு வரிகளையும் மேலிருந்து படிக்க ஆரம்பித்தான். முந்நூறாவது வரியில் கண் எரிந்தது. காலையில் போட்டதை எடுத்துவிட்டுப் பழைய பதிப்பைப் போடச் சொன்னான். மாற்றம் ஏதுமில்லை என்றது திரை. காலையில் மாற்றிய ஒன்றில் எப்படி மாற்றம் ஏதுமில்லாமல் போகும்? அந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவில்லை. மறுபடி மேலிருந்து படித்தான்.

"ஒன்றரை ஆச்சு," என்றாள் சகினா. "சாயங்கால வலைக்கு இப்பதான் எறக்குவாங்க."

"தெரியறது. செத்த பேசாம இரேன்." பயந்தால் அவன் வாயில் வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

அவள் பேசாமல் இருந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே மருந்துக்கடைக்காரர் யாரிடமோ சில்லறை இல்லை என்று சொல்வது கேட்டது. சகினாவின் கையில் அவளுடைய போன் இருந்தது. அதில் நூற்றுப் பன்னிரண்டு பேரின் எண்களும் இருந்தன. அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றி மட்டும் அவள் என்னிடம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் அதே இடத்தில் நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் அவள் எழுந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"நீ அடிக்கற ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாடியும் ஏன் உன் பேரு இருக்கு?"

அச்யுத் பார்த்தான்.

திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. இரண்டும் கருப்பு, ஒரே எழுத்து, ஒரே அளவு. ஒன்று குப்பத்தை அழைக்கும் சர்வர். எங்கோ மும்பையில் இருக்கிறது. மற்றது அவன் மேசை மேலிருந்த மடிக்கணினி; கட்டளைக்கு முன்னால் அவன் பெயரைக் காட்டுவது அது மட்டும்தான். காலையில் புதிய பதிப்பைச் சர்வரில் போட்டிருந்தான். பட்டியலை மடிக்கணினியிடம் கேட்டிருந்தான். காலையிலிருந்து அது அவனிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, யாரையுமே அழைக்காத ஒரு கணினியைப் பற்றிய உண்மையை.

அவன் சர்வரின் ஜன்னலுக்குப் போய் அதே கட்டளையை அடித்தான். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி சிவப்பாக நின்றது. ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு, எண்ணைச் சரிபார்க்கும் பேக்கேஜின் புதிய பதிப்பையும் கூடவே இழுத்து வந்திருந்தது. அது நூற்றுப் பன்னிரண்டு எண்களையும் செல்லாதவை என்று ஒதுக்கியிருந்தது. நிரலும், சொன்ன சொல் தவறாமல், பேசாமல் அடுத்த எண்ணுக்குப் போயிருந்தது.

சரிசெய்ய ஒன்றரை நிமிடம் ஆனது. ஒன்று ஐம்பதுக்கு அழைப்புகள் போயின. நூற்று மூன்று பேர் எடுத்தார்கள். எடுக்காத ஒன்பது பேரைச் சகினா விதியை மறந்து கையால் கூப்பிட்டாள். எட்டுப் பேர் கரையில் இருந்தார்கள். ஒன்பதாவது எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

"யாரு?" என்றான் அச்யுத்.

"முனியன்."

இருவரும் ஆட்டோ பிடித்தார்கள். பெசன்ட் நகரைத் தாண்டும்போது வெயில் போயிருந்தது. குப்பத்தில் இறங்கியபோது கிழக்கே கடலும் வானமும் ஒரே சாம்பலாக இருந்தன. கரையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஜான்சன் தன் படகை இறக்கப் பார்க்க, நான்கு பேர் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வுடுங்கடா டேய்! என் கொரலுதானே லேட்டா வந்துச்சு!"

"நீ போயி நீயும் பூட்டா இன்னா பண்றது? கோஸ்ட் கார்டுக்கு சொல்லிக்கீது, கம்னு இரு மாமா!"

முனியனின் மனைவி கெங்கம்மா வலைக்குவியல் ஓரம் உட்கார்ந்திருந்தார். காலையில் மீன் விற்ற அன்னக்கூடை இன்னும் பக்கத்தில் இருந்தது. சகினா போய் அருகில் உட்கார்ந்தாள். அச்யுத்துக்கு உட்காரத் தோன்றவில்லை.

"போனு வந்துச்சா போனு வந்துச்சான்னு ரெண்டு தபா கேட்டுச்சு," என்றார் கெங்கம்மா கடலைப் பார்த்தபடி. "வரலன்னேன். அதுக்கப்புறம்தான் போச்சு. எந்தம்பி சேரனும் கூட போயிக்கீறான்."

மணல் காலில் சுரீரென்று அடிக்கத் தொடங்கியிருந்தது.

"ஏன் சார் போனு வரல?"

அச்யுத் பேச ஆரம்பித்தான். ஒன்றுக்குள் இன்னொன்று, அதற்குள் வேறொன்று என்று கையால் கிளை கிளையாகக் காட்டினான். தன் குரல் தனக்கே கேட்கச் சகிக்காமல் நடுவில் நிறுத்தினான்.

"நான்தாம்மா. நான்தான் மாத்தினேன். மாத்தினது சரியா இருக்கான்னு வேற மிஷின்ல பாத்துட்டேன்."

கெங்கம்மா அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினார்.

"வேற வூட்டாண்ட போயி எட்டிப் பாத்துட்டு, எல்லாம் நல்லாக்கீறாங்கன்னு வந்துட்ட மாரியா?"

"ஆமாம்மா."

"இன்னிக்கின்னு பாத்தா சார்?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அச்யுத் பிறகு சொன்னான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காற்றில் பறக்கும் முந்தானையைக் கூடைக்கு அடியில் செருகினார். இரண்டரைக்குக் காற்று முழுதாக வந்தது. அதற்குப் பிறகு யார் பேசினாலும் கேட்டிருக்காது. ஒருவர் அருகில் ஒருவராக எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அச்யுத் மட்டும் தன் போனில் முனியனின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தான். எல்லைக்கு வெளியே என்று அது சொல்லி முடிப்பதற்குள் துண்டித்து மறுபடி அழுத்தினான். விதி போட்டவனே கையால் அழைத்துக்கொண்டிருந்தான். சகினா அவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொள்ளும் வரை அது நிற்கவில்லை.

சேரனை ஐந்தரை மணிக்கு நீலாங்கரைக்கு நேரே ரோந்துப் படகு கண்டெடுத்தது. காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்தார். படகு கவிழ்ந்ததும் முனியன் மாமா கொஞ்ச நேரம் பேசிக்கொண்டுதான் இருந்தார், அப்புறம் குரல் கேட்கவில்லை என்றார். முனியனின் உடல் மூன்றாம் நாள் காலை கோவளத்துக்குத் தெற்கே ஒதுங்கியது.

சேரன் இப்போது கடலுக்குப் போவதில்லை. திருவான்மியூரில் ஆட்டோ ஓட்டுகிறார். ஜான்சன் தன் குரலை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்; வேறொருவரைப் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அழைப்புகளை நிறுத்திய அறக்கட்டளை, குப்பத்தாரே கேட்டதால் தை மாதம் மறுபடி தொடங்கியது. சகினாதான் நடத்துகிறாள். நிரல் அழைத்த பிறகும் அவள் ஒரு முறை கையால் அழைக்கிறாள். கெங்கம்மா பெசன்ட் நகரில் மீன் விற்கிறார். அச்யுத் ஆழ்வார்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் நிரல் எழுதுகிறான். குப்பத்துக்கு அவன் பிறகு போகவில்லை.