ஒன்றேகால் அடி

கடையின் ஆழம் ஒன்பதடி. அதில் ஆறடிக்குத் துணி வெட்டும் மேசை, வாசலை ஒட்டி மூன்றடிக்குத் தையல் மெஷின். டெய்லரின் மனைவி உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் முக்காலிகூட மேசைக்கு அடியில் பாதி, வெளியே பாதி. ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஒரு அடி போனாலும் மெஷினா மேசையா என்று ஆகிவிடும். வேறு இடம் பார்க்கலாமே என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள், எதிரே எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு கடைக்கு என்ன வாடகை என்று கேட்டுவிட்டு வந்து பேசட்டும்.

மூன்று மாதமாக இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று காத்துக் காத்து, அவளுக்குப் பயப்படக்கூட அலுத்துவிட்டது.

புதன்கிழமை காலையில் வந்தே விட்டார்கள். பெரிய போன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் அதிகாரி, டேப்பின் இரு முனைகளையும் பிடிக்க இரண்டு ஆட்கள், ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட். ரோட்டின் நடுவிலிருந்து முப்பதடி எங்கே முடிகிறதோ அங்கே கோடு. பக்கத்துப் பூட்டு ரிப்பேர்காரரின் கடை இரண்டடி முன்னே தள்ளிக் கட்டியது. அதில் பாதிக்கு மேல் போனது. மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது டெய்லர் கடை. வடிகால் வேலைக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன ஜல்லி, கடைக்கு எதிரே இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஆட்கள் குவியலுக்கு மேலேயே டேப்பைப் போட்டு இழுத்தார்கள். முப்பதடி சரியாக வாசற்படியின் வெளி விளிம்பில் முடிந்தது. கடைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவளுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. டேப் மேடேறி இறங்கி வந்திருக்கிறது, அதில் தின்ற நீளம்தான் கடையைத் தொடாமல் விட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க டெய்லர் பெண்டாட்டியாக இருக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். ஆனால் வந்தவர்களுக்கு வெயில், அவசரம், இன்னும் நாற்பது கடை பாக்கி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் ஊசியில் நூல் கோத்தாள்.

"மேடம்" என்றார் டெய்லர்.

முக்காலியிலிருந்து காலை நீட்டி அவர் காலை அழுத்தி மிதித்தாள். மனிதருக்கு உறைத்தால்தானே!

"ஜல்லிக்கு மேல போட்டா அளவு கூடிடும் மேடம். தொப்பை இருக்கிறவருக்கு முன்பக்கம் அளக்கிற மாதிரி. குவியலுக்கு இந்தப் பக்கமா நேராப் பிடிக்கச் சொல்லுங்க."

அதிகாரிப் பெண் சிரித்துவிட்டாள். "சரியாச் சொன்னீங்க சார். ஏம்ப்பா, தள்ளிப் பிடிங்க."

தள்ளிப் பிடித்தார்கள். டேப் படியைத் தாண்டி, நிலையைத் தாண்டி, மெஷினின் மிதிபலகைக்கு அடியில் வந்து நின்றது. உள்ளே ஒன்றேகால் அடி. ஆள் குனிந்து கோட்டை இழுத்தான். அதிகாரிப் பெண் போனில் அளவைத் தட்டினாள். அதற்கப்புறம்தான் கேட்டாள்.

"உங்க கடையா சார் இது?"

"ஆமா மேடம்."

அதிகாரியின் முகம் சுருங்கிவிட்டது. "பதிஞ்சாச்சு சார். ஆபீஸுக்கும் போயிடுச்சு. நீங்க ரெண்டு நிமிஷம் சும்மா இருந்திருந்தா..." வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த கடைக்கு நடந்துவிட்டாள்.

"பக்கத்துலயே இத்தனை வருஷம் கடை போட்டிருக்கேன்" என்றார் பூட்டுக்காரர். "உங்க வாய்க்கு ஒரு பூட்டு போடணும்னு தோணாமப் போச்சே!"

யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரிக்கவில்லை.

"உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்றாள் மனைவி. "யாராவது கேட்டாங்களா உங்களை?"

"கடையை நான் நினைக்கவே இல்ல. டேப்பு வளைஞ்சு கிடந்துச்சு. அதுதான் கண்ணுல பட்டுச்சு."

பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். நியாயம் தர்மம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இந்த மனிதர் ஒன்றுக்குமில்லாமல் கடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அரைமணி கழித்து ஒருவர் வந்தார். புதிதாக வாங்கிய பேன்ட், காலில் புரண்டது. குறைத்துத் தைக்க வேண்டுமாம். ஈரப் பெயின்ட்டை மிதிக்காமல் காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

டெய்லர் கழுத்திலிருந்து டேப்பை உருவி அவளிடம் நீட்டினார். "நீயே அள."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறையும் அவர் டேப்பை அவளிடம் கொடுத்ததில்லை. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அரை அங்குலம் தப்பினாலும் துணி போச்சு என்பார். இப்போது டேப்பை நீட்டிவிட்டு, சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டபோதெல்லாம் கிடைக்காதது இப்படிக் கிடைத்தபோது அவளுக்கு வேண்டாமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. இந்த மனிதர்மேல் பாவப்பட வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

டேப்பை வாங்கி அவர் கழுத்திலேயே திரும்பப் போட்டாள்.

"அளக்கத் தெரிஞ்ச ஆள் இந்தத் தெருவுலயே நீங்க ஒருத்தர்தான்னு இன்னைக்கு ஊருக்கே காட்டியாச்சு. அப்புறம் என்ன? அவர் எவ்வளவு நேரம் காலை விரிச்சுக்கிட்டு நிப்பார்? குனிஞ்சு அளங்க."

அவர் குனிந்து அளந்தார். "முப்பத்தெட்டரை" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கோபம் அப்படியேதான் இருந்தது. முப்பத்தெட்டரை என்று அவள் எழுதிக்கொண்டாள்.