சுருக்கிய அளவுகோல்

எமது பள்ளியின் கிழக்குப் பகுதியில் ஓவியமும் இசையும் நடனமும் கற்பிக்கப்படுகின்றன. மேற்குப் பகுதியில் பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் கற்பிக்கப்படுகின்றன. இரண்டு பகுதிகளுக்கும் தெரிவுப் பரீட்சை உண்டு. பிள்ளைகள் ரொறன்ரோவின் எல்லா மூலைகளிலிருந்தும் பேருந்து மாறி வருகின்றனர். இங்கு பௌதிகம் கற்பிக்கும் ஒரே தமிழன் நான். என் பெயர் இரத்தினவேல்.

சென்ற ஒக்ரோபரில் பதினோராம் வகுப்புக்கு ஊசற் பரிசோதனையைக் கொடுத்தேன். கயிற்றின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் அளந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணிக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள விடை ஒன்பது தசம் எட்டு ஒன்று. அதனை எல்லோரும் அறிவர். எனவே நான் ஒரு பொறி அமைத்தேன். மர அளவுகோல்களின் மீது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாகச் சுருக்கி நகலெடுத்த காகித அளவுப் பட்டிகளை ஒட்டினேன். அவை ஒரு மீற்றர் என்று காட்டிய நீளம் உண்மையில் தொண்ணூற்றைந்து சென்ரிமீற்றர். நேர்மையாக அளந்தவருக்குப் பத்து தசம் மூன்று வரும். புத்தக விடையோடு வருபவர் அளக்காமல் எழுதியவர்.

இருபத்துநான்கு பேரில் பத்தொன்பது பேர் பத்து தசம் மூன்றுக்கு அண்மையில் நின்று குழம்பினர். ஐந்து பேர் புத்தக விடையை எழுதினர். அந்த ஐவரில் மிக அழகான அட்டவணை, நகரின் கிழக்கே வோபர்ன் பகுதியிலிருந்து வரும் அட்சயாவினுடையது. அவளுடைய மேசையருகே குனிந்து தமிழில் கேட்டேன்.

"உது எப்பிடி வந்தது?"

"ரியூசன்ல சொல்லித் தந்தவை, சேர். முதல்ல ஆன்சரை எழுதோணும். பிறகு பின்னால போய் ரேபிளை நிரப்போணும். ஆன்சர் சரிதானே?"

"உதுக்குப் பேர் களவு."

அவளுடைய முகம் இறுகியது. "கத்தத் தேவையில்லை, சேர். எவ்ரிபடி இஸ் லுக்கிங்."

நான் கத்தவில்லை. வகுப்பு முடியுமுன் பொறியின் இரகசியத்தை எல்லோருக்கும் விளக்கினேன். மற்ற நால்வரையும் பரிசோதனையைத் திரும்பச் செய்யுமாறு பணித்தேன். மாலையில் அட்சயாவைப் பற்றித் துணை அதிபருக்குக் கடிதம் எழுதினேன். அத்தகைய கடிதம் ஒன்று ஏற்றுக்கொள்ளப்படுமாயின், மாணவர் அறிவியற் பகுதியை விட்டுத் தம் வீட்டருகேயுள்ள பள்ளிக்குச் செல்ல வேண்டும். அதனை அறிந்தே எழுதினேன்.

வியாழக்கிழமை பாடசாலை விட்ட பின்னர் துணை அதிபரின் அறையில் கூட்டம் நடைபெற்றது. அட்சயாவின் தாயார் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனப் படிவத்தில் கேட்டிருந்தார். வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் சுகவீனம் காரணமாக வரவில்லை. துணை அதிபர் மிஸ் வோரன், "நீங்களே உதவலாம் அல்லவா?" என்று என்னிடம் கேட்டார். புகார் செய்தவனே மொழிபெயர்ப்பது முறையன்று என நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அந்த அறையில் இரு தரப்பும் என் வாயைப் பார்த்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு இனித்தது.

தாயாரின் பெயர் தவமணி. மிசிசாகாவிலுள்ள விமான நிலையத்தில் வேலை முடிந்து நேரே வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. துப்புரவுப் பணியாளராக இருக்கக்கூடும் என்று கருதினேன். மகள் வெளியே நடைபாதையிலிருந்த வாங்கில் அமர்ந்திருந்தாள்.

"பிள்ளை செய்தது பிழை, சேர். அதுக்கு நான் ஞாயம் சொல்ல வரேல்லை" என்று தவமணி தொடங்கினார். அதனை உள்ளவாறே ஆங்கிலத்தில் கூறினேன். மிஸ் வோரன் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

"ஆனா அஞ்சு பேரெல்லோ உப்பிடி எழுதினவை? மற்ற நாலு பேரைப் பற்றியும் கடிதம் போனதோ?"

"அதை இஞ்ச கதைக்கத் தேவையில்லை அன்ரி."

"அன்ரியோ? உமக்கும் எனக்கும் ஒரு வயசுதான் இருக்கும். அந்த நாலும் எங்கட தமிழ்ப் பிள்ளையள் இல்லை. அதுதானே?"

'சேர்' போய் 'நீர்' வந்துவிட்டதைக் கவனித்தேன். "எங்கட பிள்ளை எண்டபடியால்தான் கடுமையா நிண்டனான். இல்லாட்டி நாளைக்கு எங்களைத்தான் கள்ளர் எண்டு சொல்லுவினம்."

"ஆர் சொல்லுவினம்? இதுவரைக்கும் சொன்ன ஒரே ஆள் நீர்தான்!" அவர் மேசையில் தட்டினார். "தடியில கள்ள அளவை ஒட்டினது ஆர்? பிள்ளை பொய் எழுதினாக் களவு, வாத்தியார் பொய்யை ஒட்டினாப் பாடமோ? அவவுக்குச் சொல்லும். ஒரு சொல்லும் விடாமச் சொல்லும்."

மிஸ் வோரன் பேனையை நிறுத்தி என்னை நோக்கினார். "இவர் என்ன கூறுகிறார்?"

"தாயார் மிகவும் வருந்துகிறார்" என்று ஆங்கிலத்தில் கூறினேன். "மகளின் எதிர்காலத்தை எண்ணி இரக்கம் காட்டுமாறு கேட்கிறார்."

மிஸ் வோரன் எழுதத் தொடங்கினார்.

"தட் இஸ் நொட் வட் ஐ செட்" என்றார் தவமணி.

அதன் பின்னர் அவர் பேசியது முழுவதும் ஆங்கிலமே. விமான நிலையத்தில் பதினேழு ஆண்டுகளாகப் பாதுகாப்புப் பரிசோதகர் என்று தன்னை அறிமுகப்படுத்தித் தொடங்கினார். நாள்தோறும் பயணிகளின் பைகளைத் திறந்து கேள்வி கேட்பவரின் ஆங்கிலம் அது; சுருக்கமானது, ஐயத்துக்கு இடமற்றது. ஐந்து மாணவர், ஒரு கடிதம், காகிதப் பட்டி, நான் கூறிய மொழிபெயர்ப்பு என யாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். பின்னர் என்னிடம் தமிழில் திரும்பினார்.

"என்ன முழிக்கிறீர்? கோவத்தை நான் தமிழிலதான் வடிவாச் சொல்லுவன். அதுக்குத்தான் ஆள் கேட்டனான்."

"ஐந்து பேரா?" என்று மிஸ் வோரன் என்னைக் கேட்டார்.

"ஐந்து."

"கடிதம்?"

"ஒன்று."

அவர் என் கடிதத்தை என் பக்கமாகத் தள்ளினார். "ஐவருக்கும் கடிதம் தாருங்கள். அல்லது இதனை எடுத்துச் செல்லுங்கள். இங்கு சற்று முன் நீங்கள் மொழிபெயர்த்த விதத்தைப் பற்றி நாளை அதிபர் உங்களிடம் கேட்பார்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். கதவு முழுமையாகச் சாத்தப்படாமல் இருந்ததை அப்போதுதான் கண்டேன். அட்சயா என்னைக் கண்டதும், நான் அமர்ந்துவிடாதபடி தன் பையைத் தூக்கி வாங்கின் மறுபக்கத்தில் வைத்தாள்.

"அப்ப நான் இந்தப் பள்ளிக்கூடத்தில இருக்கலாமோ?"

"இருக்கலாம்."

"உங்கட கிளாஸில இல்லை. மற்ற பிசிக்ஸ் மிஸ்ஸிட்ட மாத்தச் சொல்லி அம்மா கேப்பா."

"அட்சயா, நான் உம்மட்ட ஒரு விசயம்..."

"அம்மாட்டச் சொல்லுங்கோ, சேர். எந்தப் பாசையில சொன்னாலும் அவவுக்கு விளங்கும்."

அவள் இயர்போனைக் காதில் செருகிச் சுவரைப் பார்த்தாள். நான் கதவிடுக்கால் உள்ளே நோக்கினேன். தவமணி இன்னமும் பேசிக்கொண்டிருந்தார். மிஸ் வோரன் புதிய தாள் ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தார்.