செவ்வாய்க்கிழமை பத்து மணி வலி

செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்து டெக்னீஷியன் தன் இடது மோதிர விரலைக் குத்திக்கொள்வார். வலி மூன்று தெரு தள்ளி, தையல்காரம்மாவின் விரலில் எடுக்கும். பன்னிரண்டு வருடங்களாக இப்படித்தான் நடந்தது. மனைவி போனதிலிருந்து மனசோடு விரலும் மரத்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த அம்மாவோ, தொழிலோடு வந்த கோளாறு என்று விரலை உதறிவிட்டு அடுத்த பட்டனுக்குப் போய்விடுவார்.

ஊராரின் ரத்தப் புரதங்களை ஓடவிட்டுப் பார்ப்பது டெக்னீஷியனின் வேலை. ஜெல் என்கிற கூழ்த் தட்டில் வரிசையாக ரத்தச் சொட்டு வைத்து மின்சாரம் கொடுத்தால் புரதங்கள் கோடுகளாக நகரும். பெற்றோர் வழியில் ஏதாவது மாற்றம் வந்திருந்தால் கோடு முந்தும், அல்லது பிந்தும். ஒப்பிட்டுப் பார்க்க முதல் இடத்தில் இயல்பான ரத்தம் ஒன்று வேண்டும். மனைவியின் காரியம் முடித்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று அந்த இயல்பு ரத்தப் புட்டி காலி. இன்றைக்கு மட்டும் என்று தன் விரலைக் குத்தினார். அந்த இன்றைக்கு மட்டும் பன்னிரண்டு வருடம் நீண்டது. அவர் ரத்தமே கொஞ்சம் மந்தம் என்பது யாருக்கும் தெரியாததால் ஊர் மொத்தமும் ‘வேகம்’ என்று பதிவானது. என்னிடமும் முத்திரையோடு அந்தச் சான்றிதழ் இருக்கிறது. நான் தினமும் பஸ்ஸைத் தவறவிடுகிறவன்.

ஊர் ரத்தக் கணக்கெடுப்பில் தையல்காரம்மாவின் முறை வந்த அன்று, அவர் கோடு மட்டும் முதல் கோட்டுக்குச் சமமாக நின்றது. பிறகு, நடுவிலிருந்த ஏழு பேரின் கோடுகளைத் தாண்டிப் போய் அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

“என்னய்யா, உங்க சொந்தமா?” என்றார் பெரிய டாக்டர்.

“எனக்குன்னு யாரு சார் இருக்கா?” என்றபடி டெக்னீஷியன் தட்டைக் கழுவினார்.

புதுப் புட்டி வந்தது. ஊர் இயல்பு, இவர்கள் இருவர்தான் பிந்தல் என்று தெரிந்தது. டாக்டர் பன்னிரண்டு பதிவேடுகளையும் பார்த்துவிட்டு, டெக்னீஷியனைப் பார்த்துவிட்டு, ஒரு டீ சொன்னார்.

மறு மாதிரி எடுக்க டெக்னீஷியன் தையல் கடைக்குப் போனார். சுவரில், அவர் வீட்டுச் சுவரில் இருக்கும் அதே அப்பா. வாரத்தில் மூன்று நாள் வெளியூர் வேலை என்று கிளம்பிய மனிதர் மூன்று தெருவைத் தாண்டவில்லை. டெக்னீஷியனுக்கு என்ன தோன்ற வேண்டும் என்று தெரியவில்லை. ஆகவே வேலையைப் பார்த்தார்.

“பயப்படாதீங்கம்மா, வலிக்காது,” என்று முதலில் தன் விரலைக் குத்திக் காட்டினார்.

“ஆ!” என்று அலறிய அந்த அம்மா, தன் விரலையும் அவர் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். “அடப்பாவி, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நீதானா?”

அவர் தலையாட்டினார். அப்பா படத்தைக் காட்டினார். அந்த அம்மா நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்துவிட்டு, “உக்காரு,” என்றார்.

இப்போது பிந்தலுக்கு மாதிரியாக டெக்னீஷியனின் ரத்தம் தேவைப்படுகிறது. அவருக்கு இன்னும் வலிப்பதில்லை. செவ்வாய்க்கிழமை பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் போன் செய்கிறார்.

“அக்கா, குத்தட்டுமா?”

“இருடா, கத்தரியக் கீழ வெச்சுக்கறேன்.”