இரண்டு ரப்பர் பேண்டு என்றால் சர்க்கரை

சாவியை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. அப்புறம் நான் கோபப்பட்டுப் பேசும்போது, "நீ மட்டும் யோக்கியமா?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது பாருங்கள்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எனக்கு எதிர்வீடு நூல்கண்டு அக்காவுடையது. துணிக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்தவள். குட்டையாக, உருண்டையாக இருப்பாள். எப்போது பார்த்தாலும் தோளிலோ முழங்கையிலோ ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் அந்தப் பெயர். வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. ஒரே மகன், நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறான். பெரிய கம்பெனியில் மேலாளர்.

இரண்டு வருஷமாக அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் முறை வருவதற்குள் முக்கால் குருடாகிவிட்டாள். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. வீட்டைக் கைக்குப் பழக்கினாள். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, சர்க்கரைக்கு இரண்டு, தேயிலைக்கு மூன்று. அடுப்புத் திருகில் சின்னத் தீ எங்கே என்று விரலுக்குத் தெரிய ஒரு சொட்டுப் பசை காய்ந்து மேடாக இருக்கும். வாசலை ஒட்டி ஒரு முக்காலி. அது முழங்காலில் தட்டினால் செருப்பைக் கழற்ற வேண்டும். அங்கிருந்து நாலு அடி வைத்தால் மேசையின் மூலை இடுப்பில் படும். இடதுபக்கம் ஒடித்துத் திரும்பினால் சமையலறை. கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரோரமாகக் காலர் துணியில் பின்னிய கயிறு ஒன்று ஓடும்.

பார்க்கிறவர்களுக்கு அடைசலாகத்தான் தெரியும். ஆனால் அந்த வீட்டில் ஒரு பொருளாவது வேலை செய்யாமல் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை. தினமும் நாலு மணிக்கு ஒரு சொட்டுச் சிந்தாமல் எனக்கும் சேர்த்து டீ போடுவாள். அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். என் கதவை நானே சாத்திக்கொண்டு என் கட்டிலில் படுக்க வேண்டும், சாகிறவரைக்கும் அது போதும் என்பாள்.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்று, வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த நாலு நாளில்தான் மகன் என் கதவைத் தட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. "சித்தி, அம்மாவுக்கு ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன். சாவி குடுங்க." எளிமையாக வாழ்வது எப்படி என்று எட்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்வந்திருக்கிறானாம். வேண்டாததைத் தூக்கிப் போட்டால் மனசு லேசாகிவிடுமாம். எளிமையாக வாழ வகுப்பா? தினம் அந்த அம்மாளோடு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் அந்த வாத்தியாருக்கே பாடம் கிடைத்திருக்குமே. இதையெல்லாம் இப்போது பேசுகிறேன். அன்றைக்கு, ஏதோ சுண்ணாம்பு அடிக்கப்போகிறான் போலிருக்கிறது என்று நினைத்துச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டிப்போய்க் காட்டினான். சுவரெல்லாம் பால்வெள்ளை. மேசை இல்லை, முக்காலி இல்லை, கயிறு இல்லை. அடுப்பைக்கூடப் புதிதாக மாற்றியிருந்தான். அலமாரியில் ஒரே அச்சில் வார்த்த பன்னிரண்டு வெள்ளை ஜாடிகள். கூடத்தில் ஒரு வட்டக் கம்பளம். மூலையில் தொட்டிச் செடி ஒன்று, அதுவும் வெள்ளைத் தொட்டியில். "எப்படி சித்தி?" என்றான். நல்லாத்தான் இருக்கு என்றேன். அந்த நாக்கை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த நாள் அக்கா வந்தாள். வலது கண்ணில் கட்டு, பிரிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. இடது கண்ணில் வெறும் மூட்டம். மகன் கையைப் பிடித்திருந்தான். வாசலில் உதறிவிட்டாள். என் வீட்டுக்குள் போக எனக்குத் தெரியாதா என்றாள். முழங்கால் முக்காலியைத் தேடியது, இல்லை. ஒரு கணம் நின்றாள். நாலு அடி வைத்து இடுப்பை நீட்டினாள். மூலை இல்லை. ஐந்தாவது அடி, ஆறாவது அடி. கம்பளத்தின் ஓரம் காலைத் தடுக்கியது. தொப்பென்று விழுந்தாள்.

நல்லவேளை, முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. எழுந்திருக்காமல் இரண்டு கையாலும் தரையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"யார் வீட்டுக்குடா கூட்டிட்டு வந்திருக்க?"

நான் ஓடினேன். அவனும் பதறிப்போய்த்தான் தூக்கி உட்கார வைத்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் தூக்கிவிட்ட கையோடு அவன் சொன்னதைக் கேளுங்கள்.

"இதுக்குத்தாம்மா சொல்றேன். உன்னால இனிமே தனியா இருக்க முடியாது. அடுத்த மாசமே வீட்டைக் காலி பண்ணிட்டு எங்களோட வந்துடு."

கேட்டீர்களா நியாயத்தை? நடக்கிற பாதையைப் பிடுங்கிவிட்டு, உனக்கு நடக்கத் தெரியவில்லை என்கிறான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. வாயைத் திறந்தேன். சாவி கொடுத்தவளாயிற்றே, திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா அழவில்லை, கத்தவில்லை. கம்பளத்தின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சரிடா, வரேன். உன் கண்ணைக் கட்டிக்கிட்டு, வாசல்லேந்து போய் எனக்கு ஒரு டீ போட்டுக் கொண்டா. அது வாயில வைக்கிற மாதிரி இருந்தா, இன்னிக்கே பெட்டியக் கட்டறேன்."

அவன் சிரித்தான். அம்மாவின் விளையாட்டு என்று நினைத்தான். நான் என் துண்டை மடித்து அவன் கண்ணில் கட்டினேன். முடிச்சைக் கொஞ்சம் இறுக்கியே போட்டேன்.

வாசலிலிருந்து நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது அடியில் இடுப்பை உள்ளே இழுத்து, இடதுபக்கம் ஒடித்துத் திரும்பினான். எதிரே என்ன இருந்தது? ஒன்றுமில்லை, வெறும் தரை. சின்ன வயதில் அந்த மேசை மூலையில் இடித்துப் புருவத்தில் தையல் போட்டவன் அவன். அன்றிலிருந்து அப்படித்தான் வளைந்து போவான். இல்லாத மேசைக்கும் அவன் உடம்பு வழிவிட்டது. அது அவனுக்கே தெரியவில்லை.

சமையலறையில் அடுப்பை மட்டும் நான் பற்றவைத்தேன், கட்டடம் மிச்சமிருக்க வேண்டுமே. மற்றதெல்லாம் அவன்தான். கை தானாக இடதுபக்க மேல்தட்டுக்குப் போயிற்று. அங்கே பன்னிரண்டு ஜாடிகள். தடவினான், குலுக்கினான், மோந்து பார்த்தான். தேயிலை அகப்பட்டது. அப்புறம் வெள்ளையாக எதையோ மூன்று கரண்டி அள்ளிப் போட்டான். டம்ளரை ஏந்திக்கொண்டு வரும்போதும் மேசையைச் சுற்றித்தான் வந்தான்.

அக்கா ஒரு வாய் குடித்தாள். துப்பவில்லை.

"உப்பு" என்றாள். டம்ளரைப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குக் கண்தான் தெரியாது, காலடிச் சத்தம் தெரியும். "ஏண்டா, போறப்பவும் வரப்பவும் எதைச் சுத்திக்கிட்டுப் போன?"

அவன் துண்டை அவிழ்த்தான். கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தான். தரையில் மேசைக்கால் நின்ற நாலு தடம், நாற்பது வருஷத் தடம், சுவருக்குத்தான் வெள்ளை அடிக்க முடிந்திருந்தது. எழுந்து கீழே இறங்கிப் போனான்.

பழைய சாமானெல்லாம் தரைத்தளத்தில் குப்பை வண்டிக்காகக் கிடந்தது. மேசையைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினான். நான் கை கொடுக்கவில்லை. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினான். வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன். கயிற்றைக் கட்டினான். பழைய டப்பாக்களை அவனே கழுவி வைத்து, எத்தனை ரப்பர் பேண்டு எதற்கு என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் போட்டான். புது அடுப்புத் திருகில் வைக்கப் பசை கேட்டு என் வீட்டுக்கு வந்தான். கொடுத்தேன், முறைத்துக்கொண்டே.

முக்காலியை மட்டும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் வெள்ளைத் தொட்டியை நகர்த்தி வைத்தான். இப்போது செடி முழங்காலை உரசினால் செருப்பைக் கழற்ற வேண்டும். அன்று அக்காவே டீ போட்டாள், மூன்று டம்ளர். குடித்துவிட்டு, பெட்டியைப் பற்றி அவன் பேச்செடுக்கவே இல்லை.

இரண்டு கண்ணும் சரியாகி மாசக்கணக்காகிறது. ரப்பர் பேண்டை அவள் கழற்றவில்லை. பார்வை வந்த அன்றைக்கே அவள் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வைத்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கில்லை என்றேன்.

"உங்கிட்டயே இருக்கட்டும்டி" என்றாள். "வேற யார்கிட்டயாவது குடுத்தா, அவங்களும் ஒரு தடவை ஏமாந்துதானே கத்துக்கணும்."

போன வாரம் ஜன்னல் திரையை அளவெடுக்க வேண்டும் என்று மகன் வந்து சாவி கேட்டான். அம்மா வீட்டில் இருக்கும்போது வா என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.