தீக்கதவுக்குப் பதினோரு கையெழுத்து

சிங்காரத்துக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்தணியில் ஊருக்கு வெளியே ஒரு விசைத்தறிக் கொட்டகையில் அவன் மேனேஜர், நான் ஃபிட்டர். என் பெயர் கோதண்டம். முதலாளி ஜம்புலிங்கம் மோசமானவர் இல்லை. ஆனால் சிங்காரம் அவருடைய அக்காள் புருஷன். 'பாவா' என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் அதற்குமேல் எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வராது. கொட்டகையின் தலையெழுத்து அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

சண்டை ஒரு கதவைப் பற்றி. நூல் கிடங்குக்கும் பெண்கள் தார் சுற்றும், அதாவது தறி நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றும், கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு வழி. அந்த வழிக்குத் தீக்கதவு போட்டால்தான் இன்சூரன்ஸ் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எழுபத்து நான்காம் வருஷம் நான்தான் அதை மாட்டினேன். கனமான பலகைக்கு இரண்டு பக்கமும் தகரம் அடித்த கதவு. கூடத்துப் பக்கச் சுவரை ஒட்டிச் சரிவான தண்டவாளத்தில் தொங்கும். விட்டால் தானே உருண்டு வந்து வழியை அடைத்துக்கொள்ளும். உருளாமல் பிடித்து வைக்க ஒரு கம்பிக்கயிறு, அதன் மறுமுனையில் இரும்புக் குண்டு. கயிற்றின் நடுவில், நிலைக்கு நேர் மேலே, விரல் நீளத்துக்கு ஒரு ஈயத்துண்டு. தீப்பிடித்தால் அந்தச் சூட்டில் ஈயம் உருகும், கயிறு விட்டுப்போகும், கதவு மூடிக்கொள்ளும். ஆள் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

மாதத்துக்கு ஒருமுறை கயிற்றைக் கழற்றிக் கதவை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சக்கரங்களுக்கு எண்ணெய் விட வேண்டும். பிறகு பதிவேட்டில் 'கதவு ஓடுகிறது' என்ற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்தின் மாதிரி கம்பெனியில் இருந்தது, வேறு யார் போட்டாலும் செல்லாது. வேறு ஃபிட்டரை வைத்தால் கம்பெனிக்கு எழுத வேண்டும், உடனே அதிகாரி கதவைப் பார்க்க வந்துவிடுவார். பின்னால் என்னை விரட்டவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் பிடிக்காமல் முதலாளியும் சிங்காரமும் பட்ட பாட்டுக்கு அதுதான் காரணம்.

பெண்களுக்கும் அந்தக் கதவைப் பிடிக்காது. நான் அதை ஓட்டிப் பார்க்கும் அரை மணி நேரம் கிடங்கிலிருந்து நூல் வராது, அவர்கள் கை சும்மா இருக்கும். சுற்றின தாருக்குத்தானே கூலி. "வந்துட்டான்டி கதவுக்காரன்" என்று பாஞ்சாலி என் காது படவே சொல்வாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் மனைவி காஞ்சனாவும் சிரிப்பாள்.

எழுபத்தாறில் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு சிங்காரம் பெரிய முருகன் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தான். கிடங்கு வழிக்கு மேலே, ஈயத்துண்டுக்கு ஒரு சாண் தள்ளி ஆணி அடித்தான்.

"அங்க வேணாங்க. கற்பூரம் காட்டினா ஈயம் உருகிப் பூடும்" என்றேன்.

"சாமிக்கு எடம் நீ சொல்லணுமாடா? போய் உன் வேலையப் பாரு."

பூஜையன்று முக்காலிமேல் ஏறி நின்று, தட்டு நிறையக் கற்பூரம் ஏற்றிப் படத்துக்கு நேரே காட்டினான். காட்டினான், காட்டிக்கொண்டே இருந்தான். எல்லாம் முதலாளி பார்க்கிறார் என்பதற்காக. முதலாளி புது வேட்டி கட்டிக்கொண்டு வலது காலைக் கிடங்குக்குள் எடுத்து வைக்கப் போனார். ஈயம் உருகிவிட்டது. இரும்புக் குண்டு பொத்தென்று விழுந்தது, கதவு கடகடவென்று உருண்டு வந்து அவர் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது.

மாட்டினவன் என்ற முறையில் எனக்குப் பெருமையாக இருந்தது. சிரித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

"பூஜை நாள்ல மொதலாளி மூஞ்சில கதவு சாத்துது, இவன் சிரிச்சிகினு நிக்கறான்" என்று சிங்காரம் முக்காலியிலிருந்தே கத்தினான். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலையில் கதவின் கைப்பிடியைச் சங்கிலி போட்டுச் சுவர் வளையத்தோடு பூட்டிவிட்டான். சாவி அவனுடைய அரைஞாண் கயிற்றுக்குப் போனது. கதவை நான் தொடக் கூடாது என்று உத்தரவு.

முதலாளியிடம் போனேன். "படத்த எதிர் சுவத்துல மாட்டலாங்க. நான் புது ஈயம் போட்டுத் தரேன். சங்கிலி இருந்தா அது கதவே இல்லீங்க, வெறும் தகரம்."

அவர் சிங்காரத்தைப் பார்த்தார்.

"மாட்டின எடத்துலேர்ந்து சாமிய எறக்கறதா? அதுவும் இந்த ஊர்ல?" என்றான் சிங்காரம். "இவன் கதவு வாழணும்னு முருகன் எடம் மாறணுமாம்."

"பாவா சொல்றது சரிதான் கோதண்டம்" என்று முதலாளி முடித்துவிட்டார்.

மாதக் கடைசியில் பதிவேட்டை நீட்டினார்கள். ஓடாத கதவுக்கு ஓடுகிறது என்று போட மாட்டேன் என்றேன். மறுநாளிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு என்னை நூல் மூட்டை தூக்கவிட்டார்கள். நான் குனிந்து மூட்டையை முதுகில் ஏற்றும் நேரம் பார்த்து சிங்காரம் வாசலில் வந்து நிற்பான். "கையெழுத்து போடற கை நோவுதா?" என்று கேட்பான். நான் அவன் காலடியில் துப்பிவிட்டுப் போவேன்.

வீட்டில் அதைவிட மோசம்.

"உன் கையெழுத்து இன்னா கலெக்டர் கையெழுத்தா? ஒரு கிறுக்கு கிறுக்கிட்டு வாயேன்" என்றாள் காஞ்சனா.

"உங்க கூடத்துக்கு வெளியே போற வாசல் எங்க இருக்குது? கிடங்கு வழிக்குப் பக்கத்துலதானே. உள்ள நெருப்பு புடிச்சா நீ எப்பிடி வெளிய வருவ?"

"புடிக்கறப்ப பாத்துக்கலாம். புருஷன் மூட்டை தூக்கறான்னு பாஞ்சாலி சிரிக்கறா. அது இன்னிக்கே எரியுது எனக்கு."

அந்தக் கூடத்தில் பதினெட்டுப் பெண்கள். அவர்களில் காஞ்சனாவைத் தவிர ஒருத்திகூட என்னோடு பேசவில்லை. அவர்களுக்காகத்தான் மூட்டை தூக்குகிறேன் என்று சொன்னால் காறி உமிழ்ந்திருப்பார்கள். ஆகவே சொல்லவில்லை. பதினோரு மாதம் கட்டங்கள் காலியாகக் கிடந்தன.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு வேளை முடிந்ததும் கிடங்கில் விளக்குக்குப் போகிற வயர் பற்றிக்கொண்டது. நூல் மூட்டைக்கு என்ன தெரியும், கிடுகிடுவென்று பிடித்துவிட்டது. நான் முற்றத்தில் இருந்தேன். புகையைப் பார்த்துக் கூடத்து வாசலுக்கு ஓடினால், கிடங்கு வழியிலிருந்து நெருப்பு கூடத்துக்குள் நாக்கை நீட்டிக்கொண்டு இருக்கிறது. வெளிவாசலை நெருங்க முடியாமல் பெண்கள் கடைசிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறுகிறார்கள். சிங்காரம் பள்ளிப்பட்டுக்குப் போயிருந்தான், சாவியும் கூடவே போயிருந்தது.

சுத்தியும் உளியும் எடுத்து வந்து, நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்து சங்கிலியை வெட்டினேன். எத்தனை அடி என்று தெரியாது. அதற்குள் நெருப்பு கதவுத் தகரத்தையும் நக்க ஆரம்பித்துவிட்டது. சங்கிலி அறுந்தது. கதவு இரண்டு முழம் ஓடி நின்றுவிட்டது. பதினோரு மாதம் எண்ணெய் காணாத சக்கரம், துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நான் ஒருவனாகத் தள்ளினேன், அசையவில்லை.

"தள்ளுங்கடி" என்று காஞ்சனாவின் குரல் கேட்டது. அவள்தான் முதலில் வந்தாள், பின்னாலேயே பாஞ்சாலி, பிறகு இன்னும் ஏழெட்டுப் பேர். கொதிக்கிற தகரத்தில் வெறும் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார்கள். தோல் ஒட்டிக்கொண்டு வருவதை நான் பார்த்தேன். கதவு கிரீச்சிட்டுக்கொண்டே நகர்ந்து மூடியது. பதினெட்டுப் பேரும் வாசல் வழியாக ஓடி முற்றத்தில் விழுந்தார்கள். கிடங்கு சாம்பலாகிவிட்டது. கூடமும் தறிகளும் தப்பின.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் காஞ்சனாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையிலும் கட்டு. முதலாளியும் சிங்காரமும் பதிவேட்டோடு வந்து நின்றார்கள். பின்னால் பாஞ்சாலியும் மற்ற பெண்களும், பாதிப் பேர் கைக்கட்டோடு.

"இன்சூரன்ஸ் அதிகாரி நாளைக்கு வராரு கோதண்டம்" என்றார் முதலாளி. "இந்தப் பதினோரு கட்டம் காலியா இருந்தா ஒண்ணும் வராது. கொட்டகைய மூட வேண்டியதுதான்."

"சங்கிலி?" என்றேன்.

"கெணத்துல போட்டாச்சு" என்றான் சிங்காரம்.

"எழுதறேன். பூட்டுப் போட்டு சாவிய இடுப்புல கட்டிகினு திரிஞ்சான்னு எழுதறேன், குடுங்க."

பாஞ்சாலி முன்னால் வந்தாள். "நீ ஞாயம் எழுதிட்டு பூடுவ. நாங்க எங்க போறது? கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாண்டுல கை நீட்டறதா, இந்தக் கைய?" கட்டுப்போட்ட கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நான் காஞ்சனாவைப் பார்த்தேன். அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன்.

"நீ சொன்னதுதான் சரி" என்றாள் காஞ்சனா. "எல்லாருக்கும் தெரியும். அதுக்கு இப்ப இன்னா? போடு."

எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து போட்டேன். பதினோரு முறை. ஒரு கையெழுத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சிங்காரத்தின் கழுத்தை நெரிக்கலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அவன் மை காய ஊதினான்.

"இதத்தானேடா மொதல்லேர்ந்து கேட்டோம்" என்றான்.

மறுநாள் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, மரியாதையான மனிதர். கருகின கிடங்கைப் பார்த்தார், தப்பின கூடத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கைக்கட்டுப் போட்ட பெண்கள் யாரும் வரக் கூடாது என்று சிங்காரம் சொல்லி வைத்திருந்தான். நான் எங்கே வாயைவிட்டுவிடுவேனோ என்று பயந்து காஞ்சனா மட்டும் வந்து, முந்தானைக்குள் கைகளை மறைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள்.

"இந்த வட்டாரத்துல இவ்வளவு ஒழுங்கா கதவ வெச்சிருக்கறவங்கள நான் பார்த்ததில்ல" என்று சொல்லி அதிகாரி சிங்காரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிங்காரம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அவர் திரும்பும்போது காற்றில் காஞ்சனாவின் முந்தானை விலகியது. அதிகாரி நின்றுவிட்டார்.

"கையில என்னம்மா?"

காஞ்சனா என்னைப் பார்க்கவே இல்லை. "அடுப்புல சுட்டுக்கினேங்க" என்றாள்.

"ரெண்டு கையுமா?"

"ஆங்."

"யாரு இந்தம்மா?" என்று அவர் முதலாளியைக் கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். அதிகாரி என் தோளில் கை வைத்தார்.

"கொட்டகையில இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கற. வீட்டுல அடுப்புகிட்ட கொஞ்சம் பார்த்து நடந்துக்கச் சொல்லுப்பா."

"சொல்றேங்க" என்றேன்.