உருக்கு அண்ணன் வாங்கிய அடி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொல்கிற நாக்கு அழுகிப் போகட்டும்.

சர்க்கஸ் கூடாரமே 'உருக்கு அண்ணன்' என்று அழைத்த அந்த மனிதரின் நெஞ்சில், மூன்று பேர் முக்கித் தூக்கி வரும் கருங்கல்லை வைத்து, அவர் மனைவி சம்மட்டியால் உடைப்பாள். தினமும் இரண்டு காட்சி. ஒருமுறை முட்ட வந்த காளை அந்த நெஞ்சில் மோதிவிட்டு வைத்தியம் தேடிப் போனது. கொசு உட்கார்ந்தால் கொசுவுக்குத்தான் மூக்கு மழுங்கும்.

அப்படிப்பட்டவர் ஓட்டிய வேன் ஒரு காலையில் பாலத்துச் சுவரில் மோதியது. ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தது. வளைந்தது ஸ்டியரிங்தான், நெஞ்சில் ஒரு கீறல் கிடையாது. ஆனாலும் அவர் முகம் வெளுத்திருந்ததால் மனைவி விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா ஈசிஜி தாளை இரண்டு தரம் பார்த்தார்.

"எலும்பு தப்பிச்சிருச்சு. உள்ள இதயம் கன்றிப் போயிருக்கு. துடிப்பு எப்ப வேணா தாறுமாறா ஆகலாம். நாளை வரைக்கும் மெஷின் மாட்டிப் படுங்க."

"கல்லு உடையிற நெஞ்சும்மா இது! ஒரு ஸ்டியரிங்குக்குப் பயந்து படுத்தேன்னா நாளைக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? சாயங்காலம் ஷோ இருக்கு."

"நானே பார்த்திருக்கேன் டாக்டர்," என்றாள் நர்ஸ், கண்கள் விரிய. "முன்வரிசை வரைக்கும் தூள் பறந்துச்சு!"

டாக்டரம்மா மனைவியிடம் திரும்பினார். "நீங்க சொன்னா கேப்பாரு. சொல்லுங்கம்மா."

உண்மை அவள் தொண்டைவரை வந்தது. நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்தபடியே அவரும் பார்த்தார். கல்யாணமான நாளாக அவர் அவளிடம் அப்படிக் கெஞ்சியதில்லை. விழுங்கிவிட்டாள்.

"அடி வாங்கிப் பழகின நெஞ்சுதாங்க," என்றாள். "நான்தானே தினம் அடிக்கிறேன்."

சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

"பார்த்துடி, சாயங்காலம் சம்மட்டியைத் தலையில போட்டுடாதே," என்று வழியெல்லாம் கேலி செய்தார். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது.

மாலையில் கூடாரம் நிரம்பி வழிந்தது. மூன்று பேர் முக்கி முனகிக் கல்லை ஏற்றினார்கள். அவள் சம்மட்டியை ஓங்கினாள். அது இறங்குமுன்பே அவர் கண்கள் நிலைகுத்திவிட்டன. அதையும் வித்தையென்று நினைத்துச் சனம் கைதட்டியது.

சம்மட்டியை எறிந்துவிட்டு ஓடியவள், கல்லை ஒற்றைக் கையால் தூக்கி வீசினாள். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

அந்தக் கல், சாம்பல் சாயம் பூசிய தெர்மாகோல்.