ரஸ்ஸலுக்குப் புகை தெரியாது

1

இந்தக் கதையில் வாளி மட்டும் நிஜம்.

போன அறுவடைக்குச் சற்று முன்பு, மலைச் சரிவில் இருக்கும் ஒரு திராட்சைத் தோட்டத்து வீட்டுக்குக் கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். எங்கள் பள்ளத்தாக்கில் கதவைத் தட்டினால் யாரும் வந்து திறப்பதில்லை. "உள்ள வா" என்று எங்கிருந்தோ குரல் வரும், அவ்வளவுதான். துணி துவைக்கும் அறை வழியாக நுழைந்தேன். வாஷிங் மெஷினுக்கும் சேறு படிந்த பூட்ஸ்களுக்கும் நடுவில் ஒரு வெள்ளை வாளி, மேலே ஈரத் துணி. காதைக் கொடுத்தால் உள்ளே ஏதோ முணுமுணுக்கிறது. குனிந்தேன்.

"அதத் தொட்டுடாத. எங்க எதிர்காலம் உள்ள நொதிச்சுக்கிட்டிருக்கு" என்றாள் அந்த வீட்டுப் பெண், சமையலறையிலிருந்து.

விளையாட்டாகத்தான் சொன்னாள். தட்டைக் கொடுத்துவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்தேன். ஆனால் வாளி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் பக்கத்தில் நிற்க இரண்டு பேர் வேண்டும் என்று தோன்றியது. ஒரு கணவன், ஒரு மனைவி. (என் கதைகளைப் படித்தவர்கள் இப்போது சிரிப்பீர்கள். எனக்கு வேறு யாரை எழுத வரும்?)

2

தொடக்கங்கள்.

"புகை அந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு விருந்தாளியைப் போல வந்து, திரும்பிப் போக மனமில்லாமல்

இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் படித்தால் அடிக்க வருவார்கள். காடு எரியும்போது வருகிற புகையை யாரும் உட்காரச் சொல்வதில்லை. சன்னல்களை அடைத்து, ஈரத் துண்டை வாசலடியில் திணித்து, வாரக்கணக்கில் இருமிக்கொண்டே இருப்போம்.

"முப்பது வருடத் தாம்பத்தியத்தில் முதன்முதலாகப் புகைச்சல்

இதுவும் வேண்டாம். கூப்பிடாமலே ஓடி வந்த சொல். வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டேன்.

"ரஸ்ஸலுக்குப் புகை தெரியாது."

இது இருக்கட்டும்.

3

ரஸ்ஸலுக்குப் புகை தெரியாது. கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். ஒயினில் இருந்தால் மட்டும் தெரியாது. மற்றதெல்லாம் அத்துப்படி. ஒரு மடக்கு குடித்துவிட்டு, இது மேல் வரிசைப் பழம், இது ஓடைப் பக்கத்துப் பழம் என்று பிரித்துச் சொல்லிவிடுவான். பக்கத்துத் தோட்டத்துக்காரன் பீப்பாயைச் சரியாகக் கழுவவில்லை என்பதுகூட அவன் நாக்குக்குத் தெரியும். அந்த ஒன்றுக்கு மட்டும் அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை. சிலர் பிறவியிலேயே அப்படி. நம் வீடுகளிலும், அடிப்பிடித்த பாலில் கலந்த காப்பியை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "சர்க்கரை இன்னும் கொஞ்சம்" என்று கேட்கிற ஒருவர் இருப்பாரே, அந்த மாதிரி.

கல்யாணமான புதிதில் ஒரு தீ வருடம் வந்தது, காடு எரிந்து தோட்டமெல்லாம் புகை மூடிய வருடம். அந்த வருட ஒயினை அவன் பெருமையாகக் கிண்ணத்தில் எடுத்து வந்து மனைவி பிரான்வினிடம் நீட்டினான். அவள் குடித்தாள். "நல்லாருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு வாய் கொப்பளிக்கத் தொட்டிப் பக்கம் ஓடினாள்.

"ஆஷ்ட்ரேய நக்கின மாதிரி இருக்கு ரஸ்."

"சும்மா விளையாடாத."

"விளையாடலப்பா. நிஜமா உனக்குத் தெரியலயா?"

அவன் நம்பவில்லை. புட்டிகளை விற்பனைக்கு அனுப்பினான். அனுப்பிய வேகத்திலேயே அவை திரும்பி வந்தன. அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் புகைக்கு நாக்கு பிரான்வின்தான்.

[ஒரு குறிப்பு. புகை திராட்சையின் தோலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பழத்தைத் தின்றால் தெரியாது, சாற்றைக் குடித்தாலும் தெரியாது. நொதித்து ஒயினான பிறகுதான் தெரியும். அப்போதும் உடனே இல்லை. விழுங்கி, கொஞ்ச நேரம் கழித்து, எச்சில் பட்டபின் நாக்கின் பின்பக்கத்தில் மெதுவாக ஏறி வரும். அதனால்தான் தீ வருடங்களில் அறுவடைக்கு முன்பே ஒரு வாளிப் பழத்தைப் பறித்து, வீட்டில் நொதிக்கவைத்துக் குடித்துப் பார்க்கிறார்கள். ஆய்வகங்கள் உண்டு. ஆனால் எல்லாத் தோட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் அனுப்புவதால், அங்கிருந்து முடிவு வருவதற்குள் கொடியிலேயே பழம் வதங்கிவிடும்.]

4

இப்போது பிரான்வின். இவளோடுதான் எனக்குத் தகராறு.

அவள் போக விரும்புகிறாள் என்று முதல் நாளே எழுதிவிட்டேன். ஏன் என்பதுதான் பிடிபடவில்லை. முழங்கால் வலி என்று எழுதினேன். அடித்தேன். மகள் வீட்டில் பேரக்குழந்தை என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இரண்டுமே, ஒரு பெண் தனக்காக ஒன்றைக் கேட்கும்போது எழுத்தாளர்கள் அவளுக்கு வாங்கிக் கொடுக்கும் அனுமதிச்சீட்டுகள்.

காரணம் எளிது. அவள் கடற்கரையில் வளர்ந்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்து, ஊர் நீச்சல்குளத்தில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு மிதக்கச் சொல்லிக் கொடுத்தாள். இப்போது போர்ட் ஃபேரி என்ற கடலோர ஊரில் ஒரு நீச்சல்குளத்தை நடத்த அவளைக் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது. ஆசைதான் காரணம்.

ரஸ்ஸலுக்குத் தோட்டம் பிடித்திருக்கிறது. குறிப்பாக அந்தப் பினோ நுவார் திராட்சைக் கொடிகள், அவன் தன் கையாலேயே நட்டவை. நல்ல விலைக்குக் கேட்டு ஒருவர் வந்துபோனார். பதில் சொல்லாமல் வைத்திருக்கிறான்.

இந்த வருடமும் காடு எரிந்தது. தீ அணைந்து, புகை கலைந்த வாரம். சாப்பாட்டு மேசையில் ஆட்டு இறைச்சியை வெட்டிக்கொண்டே ரஸ்ஸல் சொன்னான்: "ஒண்ணு பண்ணலாம் பிரான். இந்த வருஷப் பழம் சுத்தமா இருந்தா இங்கயே இருந்துடலாம். புகை ஏறியிருந்தா வித்துட்டு உன் கடலுக்குப் போயிடலாம். மலையே தீர்ப்பு சொல்லட்டும்."

"சரி" என்றாள் அவள்.

இருவருக்கும் நிம்மதியாகக்கூட இருந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை பாருங்கள். பாத்திரம் கழுவும்போதுதான், தீர்ப்பு சொல்லப்போவது மலை இல்லை என்று அவளுக்கு உறைத்தது. வாளியிலிருந்து ஒரு மடக்கு குடித்துச் சொல்லப்போவது அவள்தான். போக விரும்புகிற அவளேதான். அவள் எதைச் சொன்னாலும் ரஸ்ஸலால் சரிபார்க்க முடியாது.

அவனுக்கும் அது உறைத்தது, படுக்கப் போகும்போது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. துணி துவைக்கும் அறையில், சோதனைக்குப் பறித்த பழம் வாளியில் நொதித்துக்கொண்டிருந்தது.

5

வாளியில் நொதிப்பு அடங்கிய நாள், பிற்பகல். சமையலறை. ரஸ்ஸலின் அக்கா கெய்லீன் ஒயினைத் துணியில் வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றுகிறாள். தோட்டத்து விற்பனைக் கூடத்தை நடத்துகிறவள் அவள்தான். சிகரெட்டையும் பேச்சையும் நிறுத்த மாட்டாள்.

"டேய், ஏன் ரெண்டு பேரும் டாக்டர் ரூம் வாசல்ல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லையாம். நான் குடிச்சுச் சொல்லட்டுமா?"

"நீயா?" பிரான்வின் சிரித்துவிட்டாள். "காலைல எழுந்ததுலேருந்து உன் வாயில புகைதான். உனக்குத் தண்ணியே புகைஞ்சுதான் இருக்கும்."

"அதுவும் சரிதான். முப்பது வருஷமா எனக்கு எல்லா ஒயினும் ஒரே டேஸ்ட்டுதான். இவன்கிட்ட சொல்லிடாத, பொழப்பு போயிடும்."

போன் அடித்தது. பறிக்கிற ஆட்களைக் கூட்டி வரும் சுக்விந்தர்.

"பாஸ், சாயந்தரத்துக்குள்ள சொல்லிடுங்க. கீழ்த் தோட்டத்துல நாளைக்கே ஆள் வேணும்னு நிக்கறாங்க. நீங்க வேணாம்னா அங்க போயிடுவோம்."

"கொஞ்சம் பொறு சுக்கி. கூப்பிடறேன்."

ரஸ்ஸல் போனைக் கீழே வைக்கவில்லை. அவன் கட்டைவிரல் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போய், அடுத்த மலையில் ஒயின் செய்கிற நண்பனின் பெயரில் நின்றது. நல்ல நாக்கு உள்ளவன். கூப்பிட்டால் உடனே வந்து ஒரு மடக்கு குடித்துவிட்டுப் போவான். (நீங்களும் இதைத்தானே கேட்க நினைத்தீர்கள், இன்னொருத்தரைக் கூப்பிட்டால் என்ன என்று? நானும் நினைத்தேன்.) ரஸ்ஸல் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் அவனுடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்தான்.

6

முடிவுகள்.

அ) பிரான்வின் குடிக்கிறாள். புகை இருக்கிறது. அவள் அவனுடைய கொடிகளைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு ரஸ்" என்கிறாள். கண்ணில் நீர்.

இதை நான் அரை மணி நேரத்தில் எழுதிவிடுவேன். கை பழகியது. ஆனால் அந்தப் புட்டிகளை யாரோ காசு கொடுத்து வாங்கித் திறப்பார்களே? பழையபடி எல்லாம் திரும்பி வரும். அப்போது ரஸ்ஸலுக்குத் தெரிந்துவிடும், அவள் அவனுக்காகப் பொய் சொன்னாள் என்று. அவ்வளவு பெரிய பரிசை எந்தக் கணவனால் சுமக்க முடியும்? தியாகம் வேண்டாம்.

ஆ) புகை இல்லை. "இருக்கு" என்கிறாள். அவன் நம்புகிறான். தோட்டத்தை விற்றுக் கடலுக்குப் போகிறார்கள். காலையில் அவள் நீந்தப் போகும்போது அவன் கரையில் துண்டோடு

முடிக்க முடியவில்லை. அவன் நம்புவான் என்பதுதான் இதில் தாங்க முடியாத இடம்.

இ) அவள் உண்மையைச் சொல்கிறாள். நல்ல முடிவுதான். ஆனால் அவள் உண்மை சொன்னாள் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ரஸ்ஸலுக்குத் தெரியாது. "இருக்கு" என்றால், கடல் பேசுகிறதோ என்று ஓரமாக ஒரு சந்தேகம். "இல்ல" என்றால், எனக்காக விட்டுக்கொடுத்தாளோ என்று இன்னொரு சந்தேகம். எந்தப் பதிலும் சுத்தமாக அவனிடம் போய்ச் சேராது.

இங்கே மாட்டிக்கொண்டு ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். என் வீட்டுத் தோட்டத்தில் களை எடுத்தேன். பிரான்வின் என்ன சொல்வாள் என்றே யோசித்துக்கொண்டிருந்ததால், ரஸ்ஸல் ஒருவன் அங்கே உட்கார்ந்திருப்பதை மறந்துவிட்டேன்.

7

பிரான்வின் கிண்ணத்தை எடுத்தாள். உதட்டருகே கொண்டுபோனாள்.

"இரு" என்றான் ரஸ்ஸல். அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"என்னாச்சு?"

"அன்னிக்கு நான் சொன்னேன்ல, மலை தீர்ப்பு சொல்லட்டும்னு. அத வாபஸ் வாங்கிக்கறேன்."

"ஏன்?"

"கோழைத்தனமான பேச்சு அது. உன்கிட்ட கேக்க வேண்டியதப் பழத்துக்கிட்ட கேட்டேன்." அவன் கிண்ணத்தின் தண்டைத் திருகிக்கொண்டே இருந்தான். "முதல்ல இதச் சொல்லு. பழம் எப்படி இருந்தாலும் சரி. நீ போகணுமா, இருக்கணுமா?"

கெய்லீன் சிகரெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் வெளிய..."

"உக்காருக்கா" என்றாள் பிரான்வின். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்பதுபோல.

அவள் ரஸ்ஸல் பக்கம் திரும்பினாள்.

"போகணும்" என்றாள். "ரொம்ப நாளா போகணும் ரஸ்."

ரஸ்ஸல் தலையாட்டினான். சன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எழுதியிருப்பேன்; அவன் அவளைத்தான் பார்த்தான்.

"என்னையும் கூட்டிக்கிட்டா?"

"அட லூசு. உன்ன விட்டுட்டுப் போறேன்னு எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல. நான் கேக்கவும் இல்ல. அதான் கேட்டு வச்சுக்கறேன்."

"எனக்கு யாரும் அழைப்பு வைக்கல, கவனிச்சீங்களா?" என்றாள் கெய்லீன்.

"நீ வந்தா கடலே புகைஞ்சிடும்" என்றான் தம்பி. மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது ரஸ்ஸலின் கண் கலங்கியிருந்தது. அதை அவன் மறைக்கவில்லை, துடைக்கவும் இல்லை.

"சரி, போலாம்" என்றான். "பழம் நல்லாருந்தா பறிச்சு, பீப்பாய்ல போட்டுட்டுப் போலாம். கெட்டிருந்தா பறவைங்களுக்கு விட்டுட்டுப் போலாம். எப்படியும் போறோம்." கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். "இப்பக் குடி. சுக்கி காத்துக்கிட்டிருக்கான்."

8

எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. முடிவு என்று நான் தேடியது இதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவளுடைய நாக்கு இனி எந்த வழக்கிலும் கட்சிக்காரி இல்லை. அவள் என்ன சொன்னாலும் அது ஒயினைப் பற்றிய சொல் மட்டுமே.

ஆனாலும் அவர்கள் இன்னும் சமையலறையில்தான் இருக்கிறார்கள். பழமும் கொடியில்தான் இருக்கிறது. அந்தக் கொடிகளை நட்டவனுக்கு அது தெரிந்தாக வேண்டும். கடைசி அறுவடை ஒன்று அவனுக்கு உண்டா, இல்லையா?

பிரான்வின் குடித்தாள். வாயில் சுழற்றினாள். விழுங்கினாள்.

"என்னம்மா, இருக்கா?" என்றாள் கெய்லீன்.

பிரான்வின் ஒரு விரலை உயர்த்தினாள். பொறு.

நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை. எழுத முடியாமல் இல்லை. இரண்டு வாக்கியங்களும் தயாராக மேசைமேல் இருக்கின்றன, ஒன்று "இருக்கு", இன்னொன்று "இல்ல". எதை எடுத்து வைத்தாலும் கதை சரியாகவே உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அவள் வாய்க்குள் நடப்பது என் வேலையில்லை என்று படுகிறது. நீங்கள் அந்த மேசையில் நாலாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அவள் விரல் இன்னும் உயர்ந்தே இருக்கிறது. அது இறங்கும்போது என்ன சொல்வாள் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ரஸ்ஸல் கேட்கிற மாதிரி கேளுங்கள். அவன் கையில் இப்போது போன் இருக்கிறது. சுக்விந்தரின் எண்ணை எடுத்துவிட்டான். அவள் முகத்தில் எதையும் தேடவில்லை. அவள் சொன்னதும் அப்படியே அந்தப் பக்கம் சொல்லிவிடுவான்.